தவிடு கொடுத்த வீட்டுக்கு

சேலம்,
14 ஜூலை 1939

அன்புள்ள கந்தம்மாள் அக்காவுக்கு,

ஆராயி எழுதுகிறேன். எழுதுவதையே நீங்கள் முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் எழுதச் சொல்லவில்லை. தீர்த்தகிரி அண்ணனுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார். பெரியப்பா மகளுக்குக் கடிதம் போட ஒரு தங்கை இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. ஆனால் சித்திரையில் நடந்ததற்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டாலே உங்களுக்குப் பகீரென்று இருக்கும். கெட்ட செய்தி இல்லை அக்கா.

குஞ்சம்மாள் அண்ணி பிழைத்துவிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெண்ணந்தூருக்கு அழைத்துப் போனோம். நூல் வாங்க வருகிறவர்கள் யாராவது இதற்குள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனாலும் என் கையால் எழுதித் தெரிவிப்பதுதான் முறை என்று தோன்றியது. பிழைக்கமாட்டார் என்ற பேச்சு என்னிடமிருந்துதானே புறப்பட்டது.

குழந்தையை வாங்க வந்த அன்று நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்கு முழுதும் தெரிந்திருக்காது. வீட்டில் பிரசவம் ஆன பிறகு காய்ச்சல் கண்டு அண்ணியை இங்கே கொண்டுவந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. டாக்டரம்மா ரத்தம் எடுத்து என் பரிசோதனை அறைக்கு அனுப்பினார். கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட காய்ச்சலில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பெருகியிருக்க வேண்டும். கிருமியோடு சண்டை போடக் கிளம்பி வரும் கூட்டம் அது. அண்ணியிடம் அது குறைந்துகொண்டே போனது. இருந்த கொஞ்சமும் முதிராத பிஞ்சு. மீதி ரத்தத்தைக் கிருமி வளரும் ரசத்தில் விட்டு இளஞ்சூட்டில் வைத்தேன். மறுநாள் ரசம் இருந்த கண்ணாடிக் குழாய் கலங்கியிருந்தது. பார்த்தால், மணி கோத்ததுபோல் சங்கிலி சங்கிலியாகக் கிருமி. அதாவது விஷம் கருப்பையோடு நிற்கவில்லை, ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அறை வாசலில் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல.

“அம்மிணி, நீ படிச்சவ. மூடி மறைக்காமச் சொல்லு. தேறுவாளா, மாட்டாளா?”

“இந்த மாதிரி ரத்தத்தோட வந்தவங்க யாரும் ஊடு திரும்பி நான் பாத்ததில்லைங்கண்ணா.”

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் இல்லை. அந்த அறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்றது உங்களுக்கே தெரியும். உங்களுக்குப் பிறந்தது தங்காமல் போய், பால் மட்டும் கட்டியிருந்த நேரம். உங்களுக்கு ஆள் போயிற்று. பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினால் தங்கும் என்பார்களே, அதன்படி தவிட்டோடு வந்தீர்கள். அம்மா முந்தானையில் வாங்கிக்கொண்டார். நான் வெளியே வரவில்லை. சன்னல் வழியாகக் குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. உங்கள் மடிக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மெட்ராஸிலிருந்து ஒரு சிவப்பு மருந்து வந்தது. ஜெர்மனியில் செய்வது. எங்கள் ஆஸ்பத்திரியில் இதுபோன்ற காய்ச்சலுக்கு அதுவரை கொடுத்ததில்லை. அண்ணியின் தோலே சிவந்தது, மூத்திரமும் சிவப்பாகப் போனது. அம்மா அதை ரத்தம் என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டார். அடுத்த முறை நான் எண்ணியபோது வெள்ளை அணுக்கள் ஏறியிருந்தன. அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மாவே சொன்னார்.

குழந்தை சுகமா அக்கா? பால் நன்றாகக் குடிக்கிறாளா? அதை மட்டும் எழுதினால் போதும்.

தங்கள் தங்கை,
ஆராயி


குமாரபாளையம்,
பிரமாதி வருஷம் ஆடி மாதம் 8

ஆராயிக்குக் கந்தம்மா எழுதிக்கொண்டது.

காயிதம் வந்துச்சு. ரெண்டு தரம் படிச்சேன். இத்தனை பக்கம் எழுதியிருக்கறயே, எதுக்கு எழுத உக்காந்தயோ அதை எங்கயும் காணமே அம்மிணி. மெட்ராஸ் காலேசுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? நான் நாலாங்கிளாஸோட நின்னவ. எனக்கு வளைக்கத் தெரியாது.

குஞ்சம்மா பொழச்சது நல்லதுதான். யாரும் சாகோணும்னு நான் நெனைக்கலை. ஆனா கேட்டதும் கை வேலையை அப்படியே போட்டுட்டேன். அடுப்படியில போயி உக்காந்துக்கிட்டேன். சந்தோசமா, பயமான்னு கேட்டா எனக்கே தெரியலை. உன்ற கண்ணாடில வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.

“தவிடு எடுத்துக்கிட்டு வா”ன்னு ஆள் உட்டது உங்கண்ணன். நானா வந்து யாரு பிள்ளையையும் புடுங்கலை. எனக்கு மூணு போச்சு. மூணாவதைப் பொதைச்சுட்டு வந்து, மாருல பாலைக் கட்டிக்கிட்டு, துணியை நனைச்சு நனைச்சுப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன். அப்பத்தான் ஆள் வந்துச்சு. நான் குடுத்த தவிட்டை உங்க ஊட்டு எருமை தின்னு, சாணி போட்டு, வறட்டியும் ஆகி எரிஞ்சிருக்கும். இனி அதை எங்க போயித் தேடறது?

தவிடு வாங்கின ஊடு திருப்பிக் கேக்கக்கூடாது. கேட்டாக் குழந்தைக்கு ஆகாது. உங்கம்மாளைக் கேட்டுப் பாரு, சின்னம்மாளுக்குத் தெரியாதது இல்லை. அதனாலதான் நீயும் கேக்காம எழுதியிருக்கற. எனக்குப் புரியாம இல்லை.

பேரு குப்பாயின்னு வெச்சிருக்குது. குப்பையில பொரட்டித்தான் எடுத்தேன். எமன் கண்ணுக்கு அசிங்கமாத் தெரியட்டும்னு. நல்லாக் குடிக்கறா. குடிக்கும்போது ஒரு கையால என்ற தாலிக்கயித்தைப் புடிச்சுக்குவா.

பதில் போட வேண்டாம்.

கந்தம்மா

எடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்குது. அந்தக் காச்சல்ல குஞ்சம்மா பாத்திருக்கமாட்டா. வேணும்னாச் சொல்லு.


சேலம்,
28 ஜூலை 1939

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். மச்சத்தைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் போட்டிருக்கமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்ததும் வெண்ணந்தூர் போனேன். அண்ணியிடம் சொன்னேன். அவர் கையை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிட்டது அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பால் எப்போதோ வற்றிவிட்டது. நான் நாடி பார்க்கக் கையைத் தொட்டால் இழுத்துக்கொள்கிறார். அம்மாவிடமும் அண்ணனிடமும் சாதாரணமாகப் பேசுகிறார். என்னிடம் அன்றுதான் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

“ரத்தத்துல அது எத்தனை இருந்தாப் பொழைப்பாங்க?”

சொன்னேன்.

“எனக்கு எத்தனை இருந்துச்சு?”

அதையும் சொன்னேன். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவைத்தார்.

“என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. எண்ணிப் பாத்தீங்க. எண்ணிட்டு ஆளாளுக்கு முடிவு பண்ணிட்டீங்க.”

அந்த நேரத்தில் உங்களுக்கு நினைவே இல்லையே அண்ணி என்று சொல்லலாம். உண்மைதான். நான் அண்ணனிடம் சொன்னதும் உண்மைதான். உண்மையைச் சொல்லியே இவ்வளவு கெடுக்க முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “நீ முன்னால் வந்த நோயாளிகளை வைத்துச் சொன்னாய். அவர்களுக்கு இந்த மருந்து இல்லை. ரத்தம் சொன்னது சரி. அதற்கு மேல் நாளைக்கு என்ன என்பதை நீ சேர்த்துக்கொண்டாய்” என்றார். நான் வாயால் சேர்க்கவில்லை. ஆனால் அண்ணன் சேர்த்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அதற்குப் பதில் நானே சொல்லியிருக்கலாம்.

நேராகக் கேட்கத் தெரியாதா என்கிறீர்கள். கேட்கக் கூடாது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதே பயம். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் அண்ணியைப் பவானி கூடுதுறைக்குக் குளிக்க அழைத்துப் போகிறார். பாலம் தாண்டினால் உங்கள் வீடு. வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு கார்டு போடுங்கள். வரவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கள் தங்கை,
ஆராயி


குமாரபாளையம்,
ஆடி மாதம் 22

ஆராயிக்கு,

கார்டு எழுதி வெச்சேன், போடலை. மாடத்துலயே கெடக்குது.

வந்தா. உங்கண்ணன் பாலத்துகிட்டயே நின்னுட்டான், அக்கா மூஞ்சியில முழிக்க அவனுக்கு வெக்கம். ஆத்துல புதுத்தண்ணி கரை பொரண்டு போவுது, ஊரே காப்பரிசியும் கருகமணியும் எடுத்துக்கிட்டு ஓடுது. இவ ஈரச்சீலையோட வாசல்ல வந்து நிக்கறா. மொதல்ல எனக்கு அடையாளமே தெரியலை. யாரோ பிச்சைக்கு வந்தவன்னு நெனைச்சு, “சித்த இரு தாயி, வாரேன்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அப்பறந்தான் அந்தக் கண்ணைப் பாத்தேன்.

தண்ணி கேட்டா. குடுத்தேன். உக்காரச் சொன்னேன். குப்பாயி தூளியில இருந்தா. எடுத்துப் பாக்கறயான்னு நான் கேக்கலை, எடுக்கட்டுமான்னு அவளும் கேக்கலை. தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு தலை தூக்கலை, ஆனா தறியில ஓடற நாடா தப்பித் தப்பி உழுகுது.

அப்ப அது பசியில அழுதுச்சு. குஞ்சம்மா கை தன்னால மாராப்புக்குப் போச்சு அம்மிணி. நான் பாத்துட்டேன். நான் பாத்ததை அவளும் பாத்துட்டா. கையை எறக்கி மடியில வெச்சுக்கிட்டா. நான் புள்ளையை எடுத்துப் பால் குடுத்தேன். சொவத்துப் பக்கம் திரும்பி உக்காந்து குடுத்திருக்கலாம். திரும்பலை. ஏன்னு தெரியலை. குடிச்சு முடிக்கற வரைக்கும் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம், “நல்லாச் சப்புதுங்க”ன்னு சொன்னா. எந்திரிச்சுப் போயிட்டா.

கேப்பான்னு நெனைச்சேன். கேட்டிருந்தா அடிச்சுத் தொரத்தியிருப்பேனோ, அழுதிருப்பேனோ, என்னமோ ஒண்ணு நடந்திருக்கும். கேக்காமப் போனவளுக்கு என்னத்தைச் சொல்றது? செம்புல அவ குடிச்சது போவ பாதித் தண்ணி இருந்துச்சு. அதைக் கீழ ஊத்த மனசு வரலை. சாயந்தரம் முருங்கைக்கு ஊத்தினேன்.

அவ போனதுக்கு அப்பறம் எங்க ஊட்டுக்காரரு தறியில இருந்துக்கிட்டே, “ஏம்புள்ள, நம்மளே அவகிட்ட...”ன்னு ஆரம்பிச்சாரு. “பாவு நூலு அந்துகெடக்குது, அதைப் பாருங்க”ன்னேன்.

இனி வரவேண்டாம்னு சொல்லு. நீயும் எழுதவேண்டாம்.

கந்தம்மா


குமாரபாளையம்,
ஐப்பசி மாதம் 16

ஆராயி, நீ போட்ட ரெண்டு காயிதத்துக்கும் நான் பதில் போடலை. இப்ப நானே எழுதறேன். சேலத்துக்கு வர்ற நூல்காரரு சின்னண்ணங்கிட்டக் குடுத்து அனுப்பியிருக்கறேன். அவரு கையிலயே பதிலைக் குடுத்தனுப்பு.

குப்பாயிக்கு அம்மை குத்தினாங்க. சர்க்காரு ஆளு வந்து ஊட்டுக்கு ஊடு குத்திட்டுப் போனான். மத்த புள்ளைக்கெல்லாம் காஞ்சு பொருக்குத் தட்டிருச்சு. இவளுக்கு மட்டும் கை வீங்கிச் சீ வெச்சிருச்சு. செவப்பாக் கோடு ஒண்ணு அக்குளு வரைக்கும் ஏறுது. காச்சல் அடிக்குது. நேத்துல இருந்து பால் வேண்டாங்கறா. தாலிக்கயித்தைப் புடிக்கறதில்லை.

பவானி டாக்டரு பாத்துட்டு, “ரத்தத்துல எறங்கிருச்சான்னு பாக்கோணும், சேலத்துக்குக் கொண்டுபோங்க”ன்னு சொல்லிட்டாரு. ரத்தம் பாக்கறதுன்னா அங்க நீதான?

எனக்குக் காச்சலைக் காட்டிலும் உன்ற கண்ணாடியைக் கண்டுதான் பயமா இருக்குது. நீ பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் அதையே புடிச்சுக்குவாங்க. எங்க ஊட்டுக்காரரு கையை உட்டுருவாரு. நானே உட்டுருவேனோன்னு பயமா இருக்குது ஆராயி. மூணைக் குடுத்தவளுக்குக் கையை உடறது பழக்கமாப் போச்சு. உங்கண்ணன் உட்ட மாதிரி நானும் உட்டுட்டா?

உங்கண்ணி வந்துட்டுப் போனாளே, வாயில கேக்காட்டியும் மனசுல கேட்டிருப்பாளோன்னும் தோணுது. அப்படி நெனைக்கறது பாவம். ஆனா தோணுது.

நீ பாத்தா என்ன தெரிஞ்சாலும், அது தங்குமா தங்காதான்னு எங்கிட்டச் சொல்லமாட்டேன்னு எழுதிக் குடு. எங்கிட்டயும் வேண்டாம், இவருகிட்டயும் வேண்டாம். எழுதிக் குடுத்தா வாரேன். இல்லாட்டி இங்கயே மஞ்சளும் வேப்பெலையும் வெச்சுக் கட்டிக்கறேன்.

கந்தம்மா


சேலம்,
2 நவம்பர் 1939

அக்கா,

எழுதிக் கொடுக்கிறேன். குப்பாயியின் ரத்தத்தில் நான் என்ன பார்த்தாலும், அவள் தங்குவாளா மாட்டாளா என்று உங்களிடமோ மாமாவிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பார்ப்பதை டாக்டரம்மாவிடம் மட்டும் கொடுப்பேன். விஷம் கையோடு நிற்கிறதா, ரத்தத்தில் இறங்கிவிட்டதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கீறிச் சீழ் எடுத்தால் போதுமா, மாத்திரையும் வேண்டுமா என்று முடிவு செய்வார். பரிசோதனை அதற்குத்தான். இன்றைக்கு என்ன செய்வது என்பதற்கு. நாளைக்கு என்ன என்பதற்கு இல்லை.

ஜெர்மனியோடு சண்டை வந்ததிலிருந்து அந்தச் சிவப்பு மருந்து வருவதில்லை. ஆனால் அதே வகையில் வெள்ளை மாத்திரை இருக்கிறது. பயப்படாதீர்கள். மஞ்சளைக் கழுவிவிட்டுச் சுத்தமான துணி மட்டும் சுற்றுங்கள். அவள் வேண்டாம் என்றாலும் சொட்டுச் சொட்டாகப் பாலைப் பீய்ச்சி வாயில் விட்டுக்கொண்டே வாருங்கள். சங்ககிரி வழி முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். உங்கள் மடியில் இருக்கும்போதே குதிகாலில் ஒரு குத்துத்தான். தனியாக எடுத்துக்கொண்டு போகமாட்டேன்.

ஒன்று மட்டும். அண்ணியிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. போன தடவை அவரைக் கேட்காமல் எல்லாம் நடந்தது. இந்தத் தடவை அப்படி வேண்டாம். இதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்.

ஆராயி


குமாரபாளையம்,
மார்கழி மாதம் 11

ஆராயிக்கு,

கை ஆறிருச்சு. தழும்பு மட்டும் புளியங்கொட்டையாட்டம் இருக்குது. குப்பாயி இப்ப நல்லாத் தவழறா, தறியில பாவு நூலைப் புடிச்சு இழுக்கறா. இவரு கத்தறாரு, அது சிரிக்குது.

ஆஸ்பத்திரியில உன்னை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா? வருவே, குத்துவே, மூஞ்சியைக் கல்லாட்டம் வெச்சுக்கிட்டுப் போயிருவே. உன்ற நடையைப் பாத்துக் கண்டுபுடிக்கலாம்னு பாத்தா நடையும் ஒரே மாதிரி. சொல்லாதேன்னு எழுதி வாங்கினவ நான்தான், அது வேற. “இவ ஏன் சொல்லமாட்டேங்கறா, கெட்டதாத்தான் இருக்கும்”னு சோறு எறங்கலை.

குஞ்சம்மா வந்தாளே, அவ நீ இருக்கற பக்கமே திரும்பலை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டா. நான் பால் குடுப்பேன், அவ கைக்குச் சுடுதண்ணித் துணி ஒத்தடம் குடுப்பா. ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஒருக்கா மட்டும், “உங்களுக்கு முதுகு வலிக்கும், சாஞ்சுக்கங்க”ன்னு சொன்னா. சாஞ்சவ தூங்கிட்டேன். முழிச்சா, புள்ளை அவ மடியில கெடக்குது. நல்லாத் தூங்குது. அவ குனிஞ்சு அந்தக் காதுக்குப் பின்னால பாத்துக்கிட்டு இருக்கறா. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரியே கெடந்தேன். எத்தனை நேரமோ. அதுவரைக்கும் நான் யாருக்கும் அப்படி ஒண்ணு செஞ்சதில்லை.

உங்க எல்லாரு மனசுலயும் என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்கண்ணன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு வந்து கட்டில் கால்ல வெச்சுட்டுப் போறான். சின்னம்மா வந்து கண்ணைத் தொடைச்சுக்கறா. ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. கேக்காத வரைக்கும் நான் சரின்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். அப்படியே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்னு பாக்கறேன். இதுல உனக்கென்ன சங்கடம்னு கேக்கறயா? வாசல்ல யாரு நெழலு தட்டினாலும் அவதான்னு புள்ளையை வாரி எடுத்துக்கறேன். அதுதான் சங்கடம்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நீ சிரிக்கக்கூடாது. எனக்கு இன்னொண்ணு பொறக்குமா? பொறந்தாத் தங்குமா? என்ற ரத்தத்தைக் குத்திப் பாத்தா அது தெரியுமா? தெரியும்னா வாரேன். இந்தத் தடவை நீ எங்கிட்டச் சொல்லலாம்.

கந்தம்மா


சேலம்,
18 பிப்ரவரி 1940

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். பலமுறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். தெரியாது அக்கா. உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா, வேறு ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் டாக்டரம்மா மருந்து கொடுப்பார். அதற்காகக் கட்டாயம் வாருங்கள். இன்னொன்று பிறக்குமா, தங்குமா என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. தெரியும் என்றால் இந்தக் கடிதம் எழுதுவது எனக்கு எவ்வளவோ எளிது. “உங்களுக்குப் பிறக்கும், அது தங்கும், ஆகையால்...” என்று எழுதிவிடலாம். ஊரில் ஆறுதல் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். அண்ணிக்கு இனிமேல் பிறக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்லும்படி அம்மா என்னை விடாமல் நச்சரிக்கிறார். அதையும் நான் கேட்கவில்லை. நாளைக்கு என்ன என்று கணக்குப் போட்டு ஒரு குழந்தையை இடம் மாற்றியது ஒரு தடவை போதும்.

ஐப்பசியில் நடந்ததையும் இப்போது சொல்லிவிடுகிறேன். குப்பாயியின் ரத்தத்தை முதல் நாள் பார்த்தபோதே எனக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது. வெள்ளை அணுக்கள் ஏராளம், முதிர்ந்தவை, சண்டை போடுகிறவை. ரசத்தில் விட்டு வைத்த குழாய் கடைசிவரை கலங்கவே இல்லை. தெளிந்த தண்ணீராக இருந்தது. ஒவ்வொரு காலையும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, மூஞ்சியைக் கல்லாக வைத்துக்கொண்டு உங்கள் கட்டிலைத் தாண்டிப் போவேன். “குழாய் தெளிவாக இருக்கிறது அக்கா” என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு வாய் சோறு இறங்கியிருக்கும். அது நாளைக்கு என்ன என்ற பேச்சுக்கூட இல்லை, அன்றைக்கு இருந்ததுதான். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். என் வாயிலிருந்து எது வந்தாலும் அது யாருடைய மடியிலிருந்தாவது ஒரு குழந்தையை எடுத்துவிடும் என்ற பயம்.

அண்ணனிடம் பேசிக் கெடுத்தேன். உங்களிடம் பேசாமல் வதைத்தேன். சின்ன வயதிலிருந்தே நான் கூச்சக்காரி, ஆராயி வாய் திறக்கமாட்டாள் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அதை ஒரு நல்ல குணம் என்று நம்பியிருந்தேன்.

போன மாதம் அண்ணி என்னிடம் தானாகப் பேசினார். புளி ஆய்ந்துகொண்டிருந்தோம். “அது என்னை என்னன்னு கூப்புடும்?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “அவங்க அதுக்கு அத்தை முறை. அவங்களை அம்மான்னு கூப்புடும். என்னை என்னன்னு கூப்புடும்?” கையில் இருந்த புளியங்கொட்டையை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். அதை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். இழுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

உங்களைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைவாகப் பேசியதில்லை. “நல்ல பால் குடுத்திருக்கறாங்க. இல்லாட்டி அந்தக் காச்சலைத் தாங்குமா?” என்றார். அது உண்மை. குப்பாயி உயிரோடு இருப்பது உங்களால். இதை மறுக்கிற ஒருவரும் எங்கள் வீட்டில் இல்லை. நான் இப்போது எழுதப் போவது நியாயம் என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் பக்கம் வைத்துப் பார்த்தாலும் நியாயம் இருக்கிறது, அண்ணி பக்கம் வைத்தாலும் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை இது.

தவிடு வாங்கின வீடு கேட்டால் குழந்தைக்கு ஆகாது என்பதை நான் நம்பவில்லை என்று பெருமையாக எழுத ஆசை. பி.ஏ. படித்தவள் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் இந்த வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அந்தத் தவிட்டை முந்தானையில் வாங்கியது அம்மா, ஆள் விட்டது அண்ணன். நான் வாங்கவில்லை. அறைக்குள்ளேயே இருந்துவிட்டேன். அதனால் கேட்பது எங்கள் வீடு இல்லை அக்கா, நான் மட்டும். அண்ணன் கேட்கச் சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, அண்ணிக்கு நான் எழுதுவதே தெரியாது. ஆகாதது ஏதாவது வருவதாக இருந்தால் அது என்மேல் வரட்டும்.

முடியாது என்று நீங்கள் எழுதினால் அதோடு விட்டுவிடுவேன். இரண்டாவது முறை கேட்கமாட்டேன், உங்கள் வாசலில் யாருடைய நிழலும் தட்டாமல் பார்த்துக்கொள்வேன். முடியும் என்றால் அவள் பெயரைக் குப்பாயி என்றே வைத்திருப்போம். நீங்கள் எப்போது வந்தாலும் தூளி உங்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். இதையெல்லாம் ஈடாகச் சொல்லவில்லை. இதற்கு ஈடு இல்லை என்று தெரியும்.

நேராகக் கேள் என்று முதல் கடிதத்திலேயே சொன்னீர்கள். இத்தனை மாதம் ஆயிற்று.

குப்பாயி பால் மறந்ததும் அவளை அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள், அக்கா.

ஆராயி